ஐந்துக்கு மூன்று

பெர்மெத் எடுத்த சீட்டில் மூன்று கேள்விகள் இருந்தன.

முதலாவது நன்றாகத் தெரியும். இரண்டாவது பாதி தெரியும். மூன்றாவதை இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை.

கெனெஷ் அகாய் ஒருமுறை கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிஷ்கேக்கில் கட்டடப் பொறியியல் படிப்பவர்கள் அகாய் என்று அவர்கள் கூப்பிடும் அந்த வாத்தியாரிடம் வாய்மொழித் தேர்வு என்றால் காலையில் சாப்பிடாமல்தான் வருவார்கள்.

அவள் போய் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இரு முனைகளிலும் தாங்கி நிற்கும் ஓர் உத்திரம். எடை நடுவில் இல்லை, ஒரு பக்கமாக. அதை வரைந்தாள். கோடு சற்றுச் சாய்ந்தது. தாளைக் கசக்கினாள். அடுத்த தாளில் ஓர் எண்ணை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அதையும் கசக்கினாள். மூன்றாவது தாளில் பேனா கசிந்தது.

எழுந்து போய் இன்னொரு தாள் கேட்டாள்.

“தாள் தீந்துபோச்சும்மா. இருக்கிறதுலயே எழுது,” என்றார் அகாய்.

அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் தாள் ஒரு கட்டு இருந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

அவள் திரும்பி வந்து மைக்கறையைச் சுற்றி எழுதினாள்.

அவளுடைய மதிப்பெண் புத்தகத்தில் ஐந்தைத் தவிர வேறு எண் கிடையாது. ஐந்துக்கு மேல் அங்கே மதிப்பெண்ணும் கிடையாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா தேநீரோடு அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைப்பாள்.

அவள் முறை வந்தது.

முதல் கேள்விக்குக் குரல் நடுங்கவில்லை. இரண்டாவதில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். மூன்றாவது, அந்த உத்திரம் எந்த இடத்தில் முதலில் முறியும் என்பது. அவள் ஒரு புள்ளியைக் காட்டினாள்.

“இங்கதான்னு நெனைக்கிறேன், அகாய்.”

“நெனைக்கிறியா, தெரியுமா?”

“நெனைக்கிறேன்.”

புள்ளி தவறு. அவர் பென்சிலால் அதை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார்.

“மூணு போடலாம். இல்ல, செப்டம்பர்ல திரும்ப வா. நீ படிக்கிற படிப்புக்கு அஞ்சே வாங்கலாம்.”

வெளியே டிராலி பஸ் ஒன்று மின்கம்பியில் பொறி பறக்கத் திரும்பியது. அது கண்ணிலிருந்து மறையும் வரை பெர்மெத் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணே போடுங்க.”

அவர் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

நடைபாதையில் காத்திருந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மூணு என்றதும் ஒருவன் சிரித்தே விட்டான். “என்னக்கா, ராப்பகலா படிச்சீங்களே, மூணா?”

மாடிப்படியில் வகுப்புத் தோழி சைகல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பெர்மெத் மூன்று விரல்களைக் காட்டினாள். சைகல் போட்ட கூச்சலில் ஓர் அறைக்கதவு திறந்து யாரோ அதட்டினார்கள். கட்டிக்கொண்டதில் பெர்மெத்தின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. சைகல் தன் கட்டட வேலையைப் பாதியில் மேஸ்திரியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவளே கைபேசியில் தங்கள் வகுப்புக் குழுவுக்குச் செய்தி போட்டாள்.

முதல் வாழ்த்து மாஸ்கோவிலிருந்து வந்தது. அடுத்தது நாரின் அணைக்கட்டிலிருந்து, தலைக்கவசம் போட்ட படத்தோடு. பிறகு ஒருத்தி, இரண்டாவது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு.

அவர்களெல்லாம் பட்டம் வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த நான்கு வருடமும், மிச்சமிருந்த இந்த ஒரு தேர்வுக்கு, பெர்மெத் தவறாமல் வந்திருக்கிறாள். இதற்கு முன் ஒவ்வொரு முறையும் சீட்டை எடுத்து, நின்றபடியே படித்துப் பார்த்து, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாள்.