வேலிக்குக் கீழே ஒரு வயர்

"முதல் அந்த வயரை வெட்டும் தம்பி. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார் கமலாதேவி.

இணைய இணைப்பைப் புதுப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து இறுப்பிட்டிக்கு வந்திருந்த கம்பனி ஆள் றொஜன், இன்னும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஓம் அன்ரி. இனி வீட்டுப் போனும் இன்ரநெற்றிலைதான் வேலை செய்யும். நம்பர் மாறாது. பின்வீட்டுக்குப் போற இணைப்பு மட்டும் இனி இராது."

அந்தக் கடைசி வசனம் கமலாதேவியின் காதில் தேனாகப் பாய்ந்தது.

பின்வீடு அவருடைய கணவர் குலசிங்கத்தின் தங்கை நிமலினியுடையது. மாமனார் தன் காலத்தில் ஒரே இணைப்பில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு போன் வைத்துவிட்டுப் போயிருந்தார். இங்கே பேசுவதை அங்கே எடுத்துக் கேட்கலாம். பிறகு மகள் நிலாந்தினி பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டு வீடியோவில், மாமி நிமலினி வந்த இடமெல்லாம் எப்படியோ வெட்டுப்பட்டுப் போனது. அன்றோடு நடுவே வேலி எழும்பியது. பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேலி போட்டவர்கள், மண்ணுக்குள் ஓடிய வயரை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நிமலினி மறக்கவில்லை என்பது கமலாதேவியின் தீர்ப்பு. போனில் பேசும்போது இடையில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மறுநாள் அந்தக் கதை கோயிலடியில் நிற்கும். மகளுக்கு வந்த நோர்வே மாப்பிள்ளையின் பேச்சும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்து கலைந்தது. சாதகமே பொருந்தவில்லை என்று சாத்திரியார் சொன்னதைக் கமலாதேவி கணக்கில் எடுக்கவில்லை.

இன்றைக்கு நாலு மணிக்குச் சுவிஸ் மாப்பிள்ளையின் தாயார் முடிவு சொல்லப் போன் எடுப்பார். கைபேசியில் பேசலாமே என்று மகள் கேட்டதற்கு, மீன் விலையைக் கைபேசியில் பேசலாம், சம்பந்தம் வீட்டுப் போனில்தான் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டார். கலியாண அட்டை அடிக்கும்வரை ஒரு சொல்லும் வேலி தாண்டக்கூடாது. இதுவும் குழம்பினால் பிள்ளையின் முகத்தில் முழிக்க ஏலாது என்ற பயம் அவரை ஒரு கிழமையாக நித்திரை கொள்ள விடவில்லை.

"பழைய லைன் கிடக்கட்டுமே கமலா" என்றார் கதிரையில் இருந்த குலசிங்கம். "கரண்ட் போனால் இந்தப் புது இன்ரநெற் பெட்டியும் செத்துப்போம்."

"பற்றறி ஒண்டு வைச்சுத் தாறன் அங்கிள்."

"இடி மின்னல் வந்தால்?"

"அதுக்குப் பழைய வயர்தான் கூடாது அங்கிள்."

குலசிங்கம் விடவில்லை. "அது அப்பர் இழுத்த வயர்" என்றார்.

"உங்கடை அப்பர் இழுத்த வயராலை நாங்கள் நாறினது காணும். தங்கச்சி ஒட்டுக்கேக்கிறது உங்களுக்கு இனிக்குதாக்கும்."

"நான் என்ன, அவளோடை கதைக்கிறனானோ?"

அதைக் கமலாதேவியும் ஒத்துக்கொள்வார். இந்த ஒரு விசயத்தில் மனுசன் தங்கம். வேலிப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பமாட்டார். சொன்ன சொல் கேட்கிற புருசன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று கோயிலில் நாலு பெண்களுக்கு முன்னால் அவர் பெருமையடிப்பதும் உண்டு.

மூன்றரை மணிக்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இங்கிருந்த வயரை வெட்டிச் சுருட்டிய றொஜன், "பின்வீட்டுப் போனையும் கழட்டி எடுக்கோணும் அன்ரி" என்றார்.

"வடிவாக் கழட்டும். நான்தான் சொன்னனான் எண்டும் சொல்லும்."

நாலு மணிக்குப் போன் அடித்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. 'டிக்' இல்லை. பன்னிரண்டு வருடமாகக் குசுகுசுத்துப் பழகிய கமலாதேவி, முதன்முறையாக வாய்விட்டுப் பேசினார்.

"ஓம் ஓம், ஆவணியிலையே வைப்பம். நயினாதீவு அம்மன் கோயிலிலை தாலி கட்டுவம்."

போனை வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. குலசிங்கத்துக்கும்தான்.

"இஞ்சாருங்கோ, வெளியிலை மூச்சும் விடப்படாது."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்? கோயிலுக்குப் போய் ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு வாறன்" என்று சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கமலாதேவி கதிரையில் சாய்ந்தார். மச்சாள் நிமலினியின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. எல்லாம் அறிந்த மகராசி, இனி அட்டை வந்தால்தான் அறிவாள். அதுவும் அட்டை கொடுத்தால்.

அரை மணித்தியாலம் கழித்து, றொஜன் உக்கிப்போன ஒரு முழ வயரோடு பின்வீட்டிலிருந்து திரும்பி வந்தார்.

"வாழ்த்துக்கள் அன்ரி. ஆவணியிலை நயினாதீவிலை கலியாணமாமே. பின்வீட்டு அன்ரியும் சந்தோசம் எண்டு சொல்லச் சொன்னவ."

கமலாதேவி எழுந்து நின்றார். "வயரை வெட்டியாச்செல்லே? பிறகென்னெண்டு கேட்டவள்?"

"அங்கை போனே இல்லை அன்ரி. சண்டை வந்த அண்டைக்கே கழட்டிக் கிணத்துக்குள்ளை எறிஞ்சிட்டாவாம். வயரும் வேலிக்குக் கீழை அறுந்து கனகாலம்."

"அப்ப அந்த 'டிக்' சத்தம்?"

"அறுந்த இடத்திலை ஈரம் ஊறியிருக்கும்."

"அப்ப என்ரை வீட்டுக் கதையெல்லாம் அவளுக்கு ஆர் சொல்லுறது?"

றொஜன் தலையைச் சொறிந்தார்.

"அங்கிள் சொல்லவேண்டாம் எண்டவர் அன்ரி. பன்னிரண்டு வருசமா ஒரு நாளும் தவறினதில்லையாம். இப்பவும் அந்த வீட்டுக் குசினியிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார், குடிச்சு முடியத்தானாம் கோயிலுக்குப் போவார்."