அக்கா அனுப்பிய ஜாடி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, எல்லை தாண்டி வந்த ஒரு ஜாடியின் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவும் வடகொரியாவும் வணிக ஒப்பந்தம் போட்டபின், தென்கொரியாவில் இருந்த ஹேசுக் என்ற பெண்ணுக்கு வடக்கிலிருந்து அவள் அக்கா போட்ட கிம்ச்சி ஊறுகாய் வருடந்தோறும் வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஆள் ஜேரட்தான் கொண்டுவருவார்.

மூன்றாம் ஜாடியை ருசி பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"தம்பி, எங்க அக்கா உசுரோட இருக்காளா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அதே ருசிதானே?"

"அதான் பயமா இருக்கு. மூணு வருசமா ஒரு கல் உப்பு கூடல, குறையல. எங்க அக்கா ஒருதரம் போட்ட மாதிரி மறுதரம் போட்டதே இல்ல. அதுக்கே அம்மாகிட்ட திட்டு வாங்குவா."

ஜேரட் ரசீதை நீட்டினார். "கையெழுத்து போடுங்கம்மா."

ஹேசுக் ஜாடியை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "புளிச்சுப்போனாலும் பரவால்ல, அவ கையால போட்டதக் கொண்டா."

உங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு ஒருநாள் கூடட்டும், ஒருநாள் குறையட்டும். அதைப் போடுகிற கை நூறாண்டு நலமாக இருக்கட்டும்.