கெளுத்தி வாங்க வந்தவன்

பள்ளிக்கரணையில் மீன் விற்கும் அங்காளம்மாவுக்கு ஹேமநாத் ஒரு புரியாத புதிர். ஞாயிறு தவறாமல் வருவான், மீசை வைத்த கெளுத்தியாகக் கேட்பான், அவள் வெட்டி முடிக்கும்வரை கண் கொட்டாமல் நிற்பான். அப்புறம் தெருமுனைப் பூனைகளுக்கு அத்தனையையும் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

இன்று முழங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி கேட்டேவிட்டாள். “இன்னா தம்பி, துன்னாத மீனை எதுக்கு வாங்கினு போற?”

“நான் சைவம்க்கா.”

அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

“வீடியோ கேமுக்கு ராட்சசங்களை வரையறதுதான் என் வேலை. எங்க கேம் அஞ்சு பாகம் வந்தாச்சு. அதுல ரொம்பப் பிடிச்ச எதிரி எதுன்னு ஆடறவங்களைக் கேட்டோம். நான் வரைஞ்சதுதான் ஃபர்ஸ்ட்.”

“அட, என் கெளுத்தியா?” ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவன் நீட்டிய போனை வாங்கினாள்.

திரையில் ஒரு கடல் ராட்சசி குந்தியிருந்தாள். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் இழுத்துச் சொருகிய புடவை. எதிரே வந்த வீரனை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“இதுல மீனு எங்க கீது?”

“மீன் இல்லக்கா. சும்மா நின்னு உங்களைப் பாத்தா திட்டுவீங்கன்னுதான் மீன் வாங்கினேன்.”

அங்காளம்மா அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவளை எவனாச்சும் ஜெயிச்சானா?”

“இதுவரைக்கும் ஒருத்தனும் இல்ல.”

“அப்ப சரி.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிவாள்மணை முன் குந்தினாள்.

“அடுத்து யாரு?”

பேரம் பேச வந்தவர் ஓரடி பின்வாங்கினார்.