மூன்றாவது பெட்டி

“தொடாதீங்கன்னு எத்தனை தடவைப்பா சொல்றது? பச்சைக் குழந்தையா நீங்க?”

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்த ஸ்டெபின், நேராகப் புத்தக அலமாரிக்குப் போனான். கீழ்த்தட்டில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, விளக்கு எரியாமல் கிடந்தது. குனிந்து பட்டனை அமுக்கினான். நீல விளக்கு எரிந்தது.

“நான் தொடலைடா,” என்றார் தேவானந்தம். பூண்டு உரித்த கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

“பின்ன, பேய் வந்து தொட்டுச்சா?”

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில், மொட்டை வெயிலில், லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டி வந்தவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஊரே சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருக்கிற நேரம்.

ஆபீசுகள் கழித்துக் கட்டிய குட்டிக் கம்ப்யூட்டர்கள் மூன்றை வாங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து கம்ப்யூட்டர்கள் ஓடுகிற மாதிரி அமைத்திருந்தார்கள் ஸ்டெபினும் அவன் மனைவி ஜெரூஷாவும். புது வேலைக்குப் படிப்பது, வீட்டுப் படங்களைச் சேர்த்து வைப்பது, எல்லாம் அதில்தான். இரண்டு பெட்டிகள் தாம்பரம் ஃபிளாட்டில். அங்கே ஏதாவது ஆகித் தொலைத்தாலும் ஒரு நகல் தப்பிக்கட்டும் என்று, மூன்றாவது மட்டும் அப்பா வீட்டில். எல்லாவற்றையும் தாம்பரத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவை ஆஃப் ஆகிவிட்டால், யாராவது நேரில் போய் பட்டனை அமுக்கியாக வேண்டும்.

“போன்ல சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பேனே?”

“ஐயோ சாமி, வேணவே வேணாம்! போன தடவை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னீங்களே, அதைச் சரி பண்றதுக்குள்ள எனக்கு உயிரே போச்சு.”

“அப்போ கரன்ட் போயிருக்கும்டா.”

“கரன்ட் போய் வந்தா அது தானா எழுந்துக்கும்ப்பா. அப்படித்தான் வச்சிருக்கேன். இது ஒழுங்கா, முறையா ஆஃப் ஆகியிருக்கு. பட்டனை லேசா ஒரு தட்டு தட்டினாத்தான் இப்படி ஆகும். இந்த வீட்ல உங்களைத் தவிர வேற யார் இருக்கா?”

“பல்லி கில்லி ஏதாவது...”

“பல்லியா! நல்லா வாயில வருது எனக்கு. லீவு நாளாப் பார்த்து ஆஃப் பண்ற பல்லியா? திங்கக்கிழமை ஆகாது, புதன்கிழமை ஆகாது. எனக்கு லீவுன்னா மட்டும் கரெக்டா ஆகும்!”

தேவானந்தம் பூண்டைத் தட்டில் போட்டார். மீசை துடித்தது.

“ஓஹோ. உன்னை வரவைக்கத்தான் நான் வேணும்னே அணைக்கிறேங்கற.”

“நான் அப்படிச் சொல்லலை.”

“அதைத்தான்டா சொல்ற. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டரா இருந்தவன் நான். புள்ளையைப் பார்க்கணும்னா வாடான்னு வாய் திறந்து கூப்பிடுவேன். திருட்டுத்தனமா சுவிட்சை அமுக்குற ஆளு இல்ல.”

‘கூப்பிட்டா வந்திருப்பேனே’ என்று ஸ்டெபினுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் கூப்பிட்டு இவன் போகாத நாட்கள் வரிசையாக ஞாபகம் வர, வந்ததை விழுங்கினான். அதில் கோபம் இன்னும் ஏறியது.

“அப்போ அடுப்புல நண்டு எப்படி? நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஜெரூஷா போன் பண்ணி, ‘அவர் வர்றார் மாமா’ன்னு சொன்னா. பெத்த புள்ளைக்குச் சோறாக்கினது ஒரு குத்தமா? உள்ள வந்ததும் ‘எப்படிப்பா இருக்கீங்க’ன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா நீ? பெட்டி எப்படி இருக்குன்னுதானே பார்த்த!”

ஸ்டெபினுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தால் என்ன, விட்டுக்கொடுக்கிற ரத்தமா அது?

“போதும். இது இங்க இருந்தாத்தானே இவ்வளவு பேச்சு? எடுத்துட்டுப் போறேன். பல்லாவரத்துல என் ஃப்ரெண்டு கதிரேசன் வீட்ல வச்சுக்கறேன்.”

“எடுத்துட்டுப் போ. தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா நான் பொய் சொல்றேன்னு நினைச்சியே, அதை வாபஸ் வாங்கிட்டுப் போ.”

அவன் வாபஸ் வாங்கவில்லை. பெட்டியை நிறுத்தி, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான். பெரியவர் சமையலறைக்குள் போனார். தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

செல்போன் அடித்தது. ஜெரூஷா.

“ஜெரூ, அவர்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, ஆனா மனுஷன் ஒத்துக்கவே மாட்டேங்கறார். ரெண்டு வாங்கு வாங்கிட்டு, பெட்டியைக் கழட்டிட்டேன். இனிமே அது கதிரேசன் வீட்லதான்.”





“முதல்ல உள்ள போய் மாமாகிட்ட மன்னிப்புக் கேளுங்க!” அவள் இப்படிக் கத்தி ஸ்டெபின் கேட்டதே இல்லை. “கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்த்த புள்ளை நீங்க. அந்தப் பெட்டியையும் கழட்டிக் கொண்டாந்துட்டா, லீவு நாள்ல நான் இங்கேருந்து எதை ஆஃப் பண்ணி உங்களை அங்க அனுப்புறது?”