இருநூறு மீட்டர்

"இறங்குங்க பெரியவரே. வண்டியில உக்காந்து சுடக் கூடாது" என்றார் வேட்டைத் துறை அதிகாரி ஹாவுலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் டிரைவர், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவன்தான். ஆனால் கபிங்கா பெரியவரின் வீங்கிய முழங்காலைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

தூரத்துச் சேற்றில் கிழட்டுக் காட்டெருமை ஒன்று படுத்திருந்தது. பெரியவரின் வேட்டை பெர்மிட்டில் அனுமதித்திருப்பதும் ஒன்றுதான். அந்த பெர்மிட்டும் அன்று மாலையோடு முடிகிறது. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று பெரியவர் வரும் வழியிலேயே சொல்லிவிட்டார்.

"இங்கேர்ந்தே சுட்டுடட்டும் சார். காட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நான் பாக்கறேன்ல? சுடறவருக்கும் வண்டிக்கும் நடுவுல இருநூறு மீட்டர் இருக்கணும். அதான் சட்டம்."

"வீட்டு வாசல் வரைக்கும்கூட அவரால நடக்க முடியல சார்."

"சைதி, நீ ஸ்டியரிங்கைப் பாரு."

பெரியவர் சிரித்தார். "விடுடா. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் நடந்த காலு இது. 'கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம் பெரியவரே'ன்னு இதே ஹாவுலே என்கிட்ட கெஞ்சுவான்."

எனக்கும் ஞாபகம் இருக்கிறது. புகையில் காயும் இறைச்சி, ஒரே சட்டி உகாலிக் களியைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், பெரியவரின் கட்டைக் குரல் பாட்டு. இனி அதெல்லாம் இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டவரிடமா இந்த மனுஷன் சட்டம் பேசுகிறார்?

பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன். இரண்டடி வைப்பதற்குள் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலடா. வீட்டுக்குப் போயிடலாம்" என்று துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

ஹாவுலே இடையில் புகுந்து அதை வாங்கிக்கொண்டார். சீருடைச் சட்டையைக் கழற்றி மரத்தடியில் விரித்தார். பெரியவரை மெதுவாக உட்கார வைத்து, துப்பாக்கியை அவர் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

பிறகு என்னைப் பார்த்து முறைத்தார்.

"என்னய்யா நின்னுக்கிட்டிருக்க? இருநூறு மீட்டர்னு சொன்னேன்ல? வண்டியை எடுத்துட்டுப் போ."