பிரேக் குழாய்

அப்பாவைக் காவு வாங்கிய லாரியை வாசலில் நிறுத்தி, மகன் தன் கையாலேயே பழுது பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு பிரேக். விபத்துக்கு முந்தின நாள் அதைச் சரிபார்த்துக் கொடுத்ததும் அவன்தான்.

அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சாடா?"

"ஏம்மா கேக்குற?"

"அன்னிக்குக் காலையில அவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அந்த வேதனையில அவரே கொண்டுபோய் மரத்துல மோதிட்டாரோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

அவன் பிரேக் குழாயை விரலால் தடவிப் பார்த்தான்.

"இங்க இருட்டா இருக்கு. டார்ச் எடுத்துட்டு வாம்மா."

அவள் வந்து வெளிச்சம் காட்டியதும், பிரேக் ஆயில் குழாயின் நட்டைத் தொட்டுக் காட்டினான். விரலாலேயே சுழன்றது.

"நான்தாம்மா சரியா முடுக்கல. ஆயில் ஒழுகி, பிரேக் பிடிக்காம போயிருக்கு."

அம்மாவிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. பிறகுதான் அழுதாள்.

"பாவி, பெத்த அப்பனையே முழுங்கிட்டியேடா. இனிமே என் முகத்துல முழிக்காத."

அவள் உள்ளே போனதும், அவன் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை மறுபடி முடுக்கினான். அவள் டார்ச் எடுக்கப் போவதற்கு முன் இருந்த அதே இறுக்கத்துக்கு.