மின்னப்பனுக்குச் சாவில்லை

“முந்நூறு வருஷமா மூலிகை தின்னு சாகாம இருந்த மனுஷனை இப்படிக் கொன்னுட்டீங்களே! பிள்ளைங்க அழாதுங்களா?” மனைவி பூங்கோதைக்கு மனசே ஆறவில்லை.

“அழட்டும். பொறந்தவன் ஒருநாள் சாகணும்னு அதுகளுக்கும் தெரியணும்ல?” என்றார் உதயசூரியன். போர்ட் பிளேரில் குமாஸ்தா. சென்னைச் சிறுவர் வார இதழில் ‘மந்திரவாதி மின்னப்பன்’ தொடர்கதையை எழுதுகிறவர்.

ஒன்றரை மாதம் கழித்துக் கப்பல், அந்தமான்காரர் வாயில் ‘ஜஹாஜ்’, வந்தது. கூடவே ஒரு கட்டுக் கடிதம். அழுகையை எதிர்பார்த்துப் பிரித்தார்.

‘ஹையா! மின்னப்பன் தாத்தா பிழைச்சிட்டார்!’ எல்லாக் கடிதத்திலும் இதே கூத்து. ‘செத்தவர் மறுவாரமே மீன் பிடிக்கக் கிளம்பியது அபாரம்! இன்னும் ஐம்பது வாரம் எழுதுங்கள்’ என்று பத்திரிகை ஆசிரியர் வேறு.

உதயசூரியன் தலையில் கைவைத்துக்கொண்டார். மீன் பிடிக்கும் அத்தியாயத்தை முதலில் கப்பல் தபாலில் போட்டிருந்தார். சாகும் அத்தியாயமோ, லீவில் போன ஆபீசர் பையில் விமானம் ஏறி முந்திக்கொண்டது. அத்தியாய எண் போடுகிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே!

“அப்ப, இனிமே அவர் சாகவே மாட்டாராங்க?” பூங்கோதை துள்ளினாள்.

“சாவார், சாவார். நம்ம ஜஹாஜ் என்னிக்கு டயத்துக்குப் போய்ச் சேருதோ, அன்னிக்கு!”